காளையார்கோவில் விழுந்தபின் யார் யாருக்கு என்ன ஆனது?

கேள்வி இதுதான்: "1801-ல் மருதுபாண்டியர் நடத்தியது வெள்ளையர்களுக்கு எதிரான போர் என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் சிவகங்கைச் சீமைக்குள்ளேயே இரண்டு தரப்பு இருந்தது, அது பாதி பங்காளிச் சண்டை என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் போர் முடிந்தபோது எந்தத் தலைவருக்கு என்ன முடிவு வந்தது? ஒருவருக்குத் தூக்கு, ஒருவருக்கு நாடுகடத்தல், ஒருவருக்குப் பட்டம் என்று எதை வைத்துப் பிரித்தார்கள்? காரைக்குடியிலிருந்து ஒரே நாளில் அந்த இடங்களைப் பார்க்க முடியுமா?"

இரண்டு தரப்பு இருந்தது உண்மை. அதற்காக, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிரான போர் என்பது பொய்யாகிவிடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. பங்காளிப் பிளவைக் கம்பெனி கடைசி இரண்டு மாதத்தில் ஆயுதமாகவே பயன்படுத்தியது. யாருக்கு என்ன தண்டனை என்பதைத் தீர்மானித்ததும் பெரும்பாலும் அந்தப் பிளவுதான் என்பது என் கருத்து. களத்தில் யார் எவ்வளவு மூர்க்கமாகச் சண்டை போட்டார்கள் என்பது இரண்டாம்பட்சம்தான். 'இந்த ஆளை விட்டுவைத்தால் நாளைக்குச் சிவகங்கைச் சிம்மாசனத்தில் யார் உட்காருவது என்ற கேள்வி திரும்ப வருமா?' என்பதே முதல் கணக்கு.

முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இணையத்தில் வரும் தப்புகளில் முக்கால்வாசி இதனால்தான். 'பெரிய உடையாத் தேவர்' என்று இருவர் உண்டு. ஒருவர் வேங்கன் பெரிய உடையாத் தேவர்; வேலு நாச்சியாரின் மகள் வெள்ளச்சியை மணந்தவர், மருதுகள் காலத்தில் பெயரளவில் அரசர். மற்றவர் படமாத்தூர் கௌரி வல்லப பெரிய உடையாத் தேவர். மருதுகளின் எதிரி, கம்பெனி பட்டம் கட்டியவர். நாடுகடத்தப்பட்டுப் பினாங்குக் கப்பலில் ஏறியவரும் சோழபுரத்தில் பட்டம் ஏற்றவரும் ஒரே ஆள் என்று எழுதிவிடுவது சர்வசாதாரணம். ஓய்யாத் தேவர் என்பவர் கௌரி வல்லபரின் அண்ணன். அவரையும் இவரோடு சேர்த்துக் குழப்புவார்கள். வெள்ளை மருது என்பவர் பெரிய மருதுதான், மூன்றாவது ஆள் கிடையாது. அந்த ஆண்டு சென்னையில் கவர்னராக இருந்த கிளைவ், பிளாசியில் வென்ற ராபர்ட் கிளைவ் அல்ல. அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ். ராபர்ட் கிளைவ் 1774-லேயே செத்துப்போனார்.

பங்காளிப் பகை 1801-ல் முளைத்ததல்ல. சிவகங்கை என்ற நாடே ஒரு பங்காளிப் போரின் முடிவில் பிறந்ததுதான். கிழவன் சேதுபதிக்குப் பின் இராமநாதபுரத்துப் பட்டத்துக்கு நடந்த சண்டையில் பவானி சங்கரத் தேவர் ஒரு பக்கம், கட்டையத் தேவரும் சசிவர்ணத் தேவரும் மறுபக்கம். தஞ்சை மராட்டியர் படையின் துணையோடு பின்னவர்கள் ஜெயித்தார்கள். பவானி சங்கரத் தேவர் தஞ்சாவூருக்குக் கைதியாகப் போனார். சேதுபதி சீமையை ஐந்து கூறாக்கி மூன்று இராமநாதபுரத்துக்கு, இரண்டு சசிவர்ணத் தேவருக்கு என்று பிரித்தார்கள். அந்த இரண்டு பங்கே 1730 வாக்கில் சிவகங்கை ஆனது.

அடுத்த முறிவு 1772. ஜூன் மாதம் காளையார்கோவிலில் ஆர்க்காட்டு நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து தாக்கியதில் அரசர் முத்துவடுகநாதத் தேவர் கொல்லப்பட்டார். ராணி வேலு நாச்சியார் மகளோடு திண்டுக்கல் வட்டாரத்து விருப்பாச்சிப் பக்கம் போனார், ஹைதர் அலியின் உதவியைப் பெற்றார், 1780-ல் நாட்டை மீட்டார். மீட்டுக் கொடுத்ததில் பெரும்பங்கு மருது சகோதரர்களுக்கு. நிர்வாகமும் படையும் அவர்கள் கையில் வந்தது அப்படித்தான். அவர்கள் அரச குடும்பத்தில் பிறந்தவர்கள் அல்ல. அரண்மனைச் சேவகத்திலிருந்து உயர்ந்த சேர்வைகாரர்கள். 1780-களின் இறுதியில் ராணிக்கும் அவர்களுக்கும் இடையிலேயே விரிசல் விழுந்து, கடைசியில் வேங்கன் பெரிய உடையாத் தேவரை அரசராக வைத்து ஒரு சமாதானம் ஏற்பட்டது. 1796-ல் வேலு நாச்சியார் மறைந்தார். அரியணையில் ஒருவர், அதிகாரத்தில் இருவர், 'முறைப்படி எனக்கு வரவேண்டியது' என்று வெளியே ஒருவர். இதுதான் 1801-ன் தொடக்க நிலை.

வெளியே இருந்தவர் படமாத்தூர் கௌரி வல்லபர். சசிவர்ணத் தேவரின் நேர் வாரிசு அல்ல, ஆனால் அரச குலத்துக் கிளையில் வந்தவர். காளையார்கோவிலில் மருதுகளின் காவலில் இருந்து தப்பி, அறந்தாங்கிக் காட்டுப் பக்கம் ஒதுங்கி இருந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. தொண்டைமானின் புதுக்கோட்டைச் சீமை பக்கத்திலேயே இருந்ததால் அங்கே பிழைத்துக் கிடக்க முடிந்தது.

போரின் நடை எல்லோருக்கும் ஓரளவு தெரியும் என்பதால் முடிவைத் தீர்மானித்த இடங்களை மட்டும் சொல்கிறேன். 1801 பிப்ரவரி 2-ல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் திரும்பக் கட்டினார். மே 24-ல் அது விழுந்ததும் காயத்தோடு சிறுவயலுக்கு வந்து மருதுகளிடம் சேர்ந்தார். ஜூன் 16-ல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டை வாசலிலும் திருவரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டது. சாதி பார்க்காமல் எல்லோரும் ஐரோப்பியரை எதிர்க்கவேண்டும் என்று கேட்ட அறிக்கை அது. ஜூலையில் கிளைவ் பதில் அறிவிப்பு விட்டார். அதன் சாரம்: மருதுகள் சிவகங்கை அரச குடும்பத்தார் அல்ல, வேலைக்காரர்களாக இருந்து ஆட்சியைப் பறித்தவர்கள், முறையான வாரிசை அமர்த்தவே கம்பெனி வருகிறது.

இந்த இரண்டு காகிதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் போதும். ஒரு பக்கம் 'நாடு பறிபோகிறது' என்கிறது. மறுபக்கம் அதைப் பற்றிப் பேசவே இல்லை, 'நீ யார் இதைச் சொல்ல?' என்கிறது.

கம்பெனிப் படையை நடத்திய கர்னல் அக்னியூ ஜூலை இறுதியில் சிறுவயலை நெருங்கினார். காரைக்குடிக்குப் பக்கத்தில், கல்லல் வழியில் இருக்கிற அதே சிறுவயல்தான். சின்ன மருதுவின் மாளிகை அங்கே இருந்தது. காவல் இல்லாமல், யாரும் உள்ளே போய் வரும்படி திறந்த வீடாக இருந்தது என்று அவரை நேரில் பழகிய ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி எழுதியிருக்கிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்றும் அவரே சொல்கிறார். படை வருவதற்குள் ஊருக்குத் தீ வைத்துவிட்டு மருதுகள் காட்டுக்குள் போனார்கள். வருகிறவனுக்குக் கூரையோ தானியமோ மிஞ்சக்கூடாது என்ற கணக்கு.

அங்கிருந்து காளையார்கோவிலுக்கு நேராகக் காட்டை வெட்டிப் பாதை போடலாம் என்று அக்னியூ முடிவெடுத்தார். ஆகஸ்ட் முழுக்க வெட்டினார்கள், நடக்கவில்லை. காரணம் எளிது. முள்காட்டில் பாதை வெட்டுகிறவன் முன்னால் போகவேண்டும், அவனுக்குக் காவல் நிற்பவன் பக்கவாட்டில் எதையும் பார்க்கமுடியாது. வெட்டிய பாதையின் முனையில் ராத்திரியோடு ராத்திரியாக மண்தடுப்பு எழும்பிவிடும். பின்னால் வருகிற அரிசி வண்டிகளை மறித்தால் முன்னால் இருப்பவன் பட்டினி. பாதை நீள நீளக் காக்கவேண்டிய தூரமும் நீளும். ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் தொடக்கத்தில் வேலையைக் கைவிட்டு ஒக்கூருக்குப் பின்வாங்கினார்.

கோடரி செய்யாததைப் பட்டம் செய்தது. செப்டம்பர் 12-ல் சோழபுரத்தில் கௌரி வல்லபருக்கு முறைப்படி பட்டம் கட்டினார்கள். சீமையில் அது வரைக்கும் மருதுகளோடு நின்றவர்களில் ஒரு பகுதிக்கு, குறிப்பாகப் பழைய அரச குடும்பத்தின் மேல் பற்று வைத்திருந்த நாட்டார் தலைவர்களுக்கு, தரப்பு மாற ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிட்டது. வெள்ளையனிடம் சரணடைந்தோம் என்று சொல்லவேண்டியதில்லை. நம்ம ராஜாவிடம் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பத்தொன்பதே நாளில், அக்டோபர் 1 அன்று, பல திசையிலிருந்தும் படை புகுந்து காளையார்கோவிலைப் பிடித்தது. ஆகஸ்டில் தெரியாத காட்டுப் பாதைகள் அக்டோபரில் எப்படித் தெரிந்தன என்பதை யோசித்தால் இந்தப் பட்டத்தின் விலை புரியும்.

இனி ஒவ்வொருவராக.

மருது சகோதரர்கள் காளையார்கோவில் விழுந்தபின் சுமார் மூன்று வாரம் காட்டில் இருந்தார்கள். பெரிய மருது மதகுபட்டிப் பக்கத்திலும் சின்ன மருது சோழபுரம் காட்டிலும், காலில் குண்டுக் காயத்தோடு, பிடிபட்டார்கள். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூர்க் கோட்டையில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். முறையான நீதிமன்ற விசாரணை ஏதும் இல்லை. அவர்களுடைய குடும்பத்து ஆண்களும் படைத் தலைவர்களும் உடன் தூக்கிலிடப்பட்டார்கள். மொத்தம் ஐந்நூறு பேர் என்பது மக்கள் வழக்கில் நிற்கும் எண்ணிக்கை.

'காளையார்கோவில் கோபுரத்தைப் பீரங்கியால் தகர்ப்போம் என்று மிரட்டியதால் மருதுகள் தாமாகவே சரணடைந்தார்கள்' என்ற கதை நம் பக்கத்தில் பலமாக உண்டு. கோபுரம் பெரிய மருது எழுப்பியது என்பதால் கதைக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் நாள் கணக்கு ஒத்துவரவில்லை. கோவிலும் கோட்டையும் அக்டோபர் 1-லேயே கம்பெனி கையில். பிடிபட்டதோ அதற்குச் சில வாரம் கழித்து, வேறு வேறு இடங்களில், காட்டுக்குள். பக்தியின் கதையாகச் சொல்லுங்கள், தப்பில்லை. போரின் காலவரிசையாக எழுதாதீர்கள்.

சின்ன மருதுவின் மகன் துரைச்சாமிக்கு அப்போது பதினைந்து வயது. அவரைத் தூக்கிலிடவில்லை. வயதுதான் காப்பாற்றியது என்று தோன்றுகிறது. ஆனால் ஊரில் விடவும் இல்லை. 1802 பிப்ரவரி 11 அன்று தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கப்பலில் அவரும் இருந்தார். போனது பினாங்குக்கு. இத்தனை பேர் என்று துல்லியமாக 71, 72, 73 என்று வேறுவேறு எண்கள் புத்தகங்களில் வருகின்றன. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு சண்டை போடத் தேவையில்லை. 1818-ல் பினாங்கு போன அதே வெல்ஷ், தன்னைப் பார்க்க வந்த ஒரு தளர்ந்த கிழவரை முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பெயர் கேட்டபோதுதான் துரைச்சாமி என்று தெரிந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு இருக்கும்.

வேங்கன் பெரிய உடையாத் தேவர் அதே கப்பலில் போனார். இவர்தான் கம்பெனிக்குப் பெரிய தலைவலி. அரசர் என்று கம்பெனிக்காரர்களே பத்து வருஷம் கடிதம் எழுதிக் கிஸ்தி வாங்கியவர். மருதுகளைச் சொன்னதுபோல் 'வேலைக்காரன்' என்று இவரைச் சொல்லித் தூக்கிலிட முடியாது. விட்டுவைத்தால் கௌரி வல்லபரின் பட்டத்துக்குப் போட்டி. தூக்கு வேண்டாம், நாட்டிலும் வேண்டாம் என்றால் கடல்தான் வழி. பினாங்கிலிருந்து சுமத்ராவில் பென்கூலன் என்ற இடத்துக்கு, மார்ல்பரோ கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1802 செப்டம்பரில் அங்கேயே இறந்தார். சிவகங்கையை ஆண்ட ஒருவரின் உடல் சுமத்ராவில் கிடப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதே கணக்கை இராமநாதபுரத்திலும் பார்க்கலாம். முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி 1795-லேயே பதவியிறக்கிச் சிறையில் போட்டுவிட்டது. அதற்குச் சாக்காக அமைந்தவற்றில் ஒன்று அவருக்கும் மருதுகளுக்கும் இடையே நடந்த எல்லைச் சண்டைகள். ஆமாம், 1801-ல் ஒரே அணியில் நின்றிருக்கவேண்டியவர்கள் அதற்கு ஏழெட்டு வருஷம் முன்பு ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் கோபப்படுவார்கள், ஆனால் நடந்தது அதுதான். சேதுபதியைத் தூக்கிலிடவில்லை, விடவும் இல்லை. திருச்சியிலும் பிறகு சென்னைக் கோட்டையிலுமாக வைத்திருந்து, 1809-ல் சிறையிலேயே இறந்தார். பட்டம் அவருடைய சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு 1803-ல் ஜமீன் உரிமையாக மாறி வந்தது. சேதுபதிக்காக முதுகுளத்தூர்ப் பக்கம் ஆயுதம் எடுத்த மயிலப்பன் சேர்வைகாரர் பின்னர் மருதுகளோடு சேர்ந்தவர். அவருக்கு 1802-ல் தூக்கு. எஜமானுக்குச் சிறை, சேர்வைகாரருக்குக் கயிறு. சிவகங்கையில் நடந்ததன் அச்சு அசல்.

உடனே ஒரு மறுப்பு வரும்: வீரபாண்டிய கட்டபொம்மன் பரம்பரைப் பாளையக்காரர்தானே, 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் அவரை ஏன் தூக்கிலிட்டார்கள்? அவருடைய தம்பிகள் ஊமைத்துரையையும் செவத்தையாவையும் 1801 நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டது ஏன்? நியாயமான மறுப்பு. என் பதில்: பாஞ்சாலங்குறிச்சியைக் கம்பெனி வைத்துக்கொள்ள நினைக்கவில்லை. கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கி, கிராமங்களை எட்டையபுரம் முதலான விசுவாசப் பாளையங்களுக்குப் பிரித்துக்கொடுத்து, அந்தப் பெயரையே கணக்கிலிருந்து எடுக்கப் பார்த்தது. அரியணையே இருக்கப்போவதில்லை என்றால் வாரிசைப் பற்றிய கவலையும் இல்லை. சிவகங்கையும் இராமநாதபுரமும் வரி கட்டும் ஜமீனாக நீடிக்கவேண்டும், அதனால்தான் அங்கே ஆள் ஆளாகத் தரம் பிரித்தார்கள். விருப்பாச்சி கோபால நாயக்கருக்கும் 1801 செப்டம்பரில் திண்டுக்கல்லில் தூக்கு. அங்கேயும் பாளையம் பிழைக்கவில்லை.

இன்னொரு ஒப்பீடு, பலர் கவனிக்காதது. அதே 1801 ஜூலை 15-ல் ஆர்க்காட்டு நவாப் உம்தத்-உல்-உமரா இறந்தார். அவர் மகன் அலி உசேன் கம்பெனியின் நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவரைத் தள்ளிவிட்டு, ஒத்துக்கொண்ட இன்னொரு உறவினர் அசிம்-உத்-தௌலாவை நவாபாக்கி, ஜூலை 31-ல் அன்று கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட ஆர்க்காட்டு நவாபின் சீமை முழுவதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். அவருக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. அலி உசேன் அடுத்த வருஷமே இறந்துபோனார். ஒப்பந்தம் கையெழுத்தான அந்த வாரத்தில்தான் சிறுவயல் எரிந்தது. சென்னையில் காகிதத்தில் செய்ததைச் சோழபுரத்தில் பரிவட்டத்தோடு செய்தார்கள்.

ஜெயித்தவர்களின் கதை இதைவிடச் சுவாரசியம்.

புதுக்கோட்டை விஜயரகுநாதத் தொண்டைமான் படையும் தானியமும் கொடுத்து உதவினார். பரிசாகக் கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த பகுதியையும் கேட்டார். 1803-ல் கிடைத்தது, 1806-ல் இங்கிலாந்து உறுதி செய்தது. நிபந்தனைகள் என்ன தெரியுமா? நிலத்தை யாருக்கும் கைமாற்றக்கூடாது, குடிகளைக் கொடுமைப்படுத்தினால் திரும்ப எடுத்துக்கொள்வோம், வருஷத்துக்கு ஒரு யானை கப்பமாகத் தரவேண்டும். அந்த யானையை ஒரு வருஷம்கூட யாரும் கேட்கவில்லை. 1836-ல் அந்த நிபந்தனையையே எழுத்தில் ரத்து செய்தார்கள். தமிழ்நாட்டுப் பகுதியில் 1948 வரை தனி சமஸ்தானமாக நீடித்தது புதுக்கோட்டை மட்டுமே. தொண்டைமானை வெறும் துரோகி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எனக்கு ஒப்பாது. 1750-களிலிருந்தே அந்தச் சமஸ்தானம் கம்பெனிப் பக்கம்தான், புதிதாகத் தாவவில்லை. கட்டபொம்மனைப் பிடித்துக்கொடுத்ததும் அந்தத் தொடர்ச்சியில் வருவதுதான். சரியா தப்பா என்பதைப் படிப்பவர் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

கௌரி வல்லபர் 1803-ல் நிரந்தர ஜமீன் சன்னது, அதாவது உரிமைப் பத்திரம், பெற்றார். 'இஸ்திமிரார் (நிரந்தர) ஜமீன்தார்' என்று ஆவணங்களில் வருவது இவர்தான். 1829 ஜூலை வரை ஆண்டார். அரசர் என்ற பேச்சு போய், கம்பெனிக்குக் கட்டவேண்டிய பேஷ்குஷ் என்ற வரித் தொகையைத் தவணை தவறாமல் கட்டவேண்டிய நிலைக்கு வந்தாயிற்று. 1801 டிசம்பர் 1 அறிவிப்போடு பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவாகிவிட்டது. அவருக்கென்று தனிப் படை கிடையாது.

அவர் இறந்ததும் ஆரம்பித்தது அடுத்த பங்காளிச் சண்டை. இந்த முறை காட்டில் அல்ல, கோர்ட்டில். அவருக்கு மனைவியர் பலர், மகள்கள் உண்டு, ஆண் வாரிசு இல்லை. அண்ணன் ஓய்யாத் தேவரின் மகன் ஜமீனைக் கைப்பற்றினார். மனைவியரில் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் வழக்குப் போட்டார். அது லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய், 1844-ல் மறுவிசாரணைக்குத் திரும்பி வந்தது. பிறகு மகள் காத்தம நாச்சியார் தொடர்ந்தார். வாதம் இவ்வளவுதான். அண்ணன் வழியினர் சொன்னது: அண்ணன் தம்பி பாகம் பிரியாத குடும்பம், சொத்து பரம்பரைச் சொத்து, ஆகவே ஆண் பங்காளிக்கே வரவேண்டும். காத்தம நாச்சியார் தரப்பு சொன்னது: இது பரம்பரைச் சொத்தே அல்ல, என் தகப்பனாருக்குக் கம்பெனி தனியாகக் கொடுத்தது, சுயார்ஜிதம் (அவரே தேடிய சொத்து), ஆகவே மனைவிக்கும் பின் மகளுக்கும்தான்.

1863-ல் பிரிவி கவுன்சில் மகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு தொடங்கும் விதமே முக்கியம்: சசிவர்ணத் தேவரின் நேர் வாரிசுகள் 1801-ல் அற்றுப்போயினர், ஜமீனை வாரிசில்லாச் சொத்தாகக் கம்பெனி எடுத்துக்கொண்டது, பிறகு கௌரி வல்லபருக்குக் கொடையாக வழங்கியது. அவருக்குப் பெயர்கள் பல இருந்தன, அவற்றில் ஒன்றால் குறிப்பிடுகிறோம் என்று நீதிபதிகளே எழுதவேண்டி வந்திருக்கிறது. பெயர்க்குழப்பம் நமக்கு மட்டும் இல்லை.

1801-ல் ஊர் ஊராகத் தண்டோரா போட்டது 'முறையான வாரிசு வந்துவிட்டார்' என்று. அறுபத்திரண்டு வருஷம் கழித்து பிரிட்டிஷ் அரசாங்கத்தின் உச்ச நீதிபதிகள் சொன்னது 'வாரிசுரிமையால் வந்ததல்ல, கம்பெனி கொடுத்தது' என்று. மருதுகளைத் தூக்கிலிட எந்த ரத்த உறவு காரணமாகச் சொல்லப்பட்டதோ, அந்த ரத்த உறவு வழக்கில் ஒரு பைசா பெறவில்லை. ஆண் பங்காளிகள் தோற்றார்கள். இந்து வாரிசுச் சட்டம் படிக்கிற எந்த மாணவரும் 'சிவகங்கை வழக்கு' என்று இதைப் படிக்காமல் தாண்டமுடியாது; கூட்டுக் குடும்பத்தில் இருந்துகொண்டே ஒருவருக்குத் தனிச் சொத்து இருக்கலாம், அது அவர் மனைவி மகள் வழியில் போகும் என்பதற்கு முன்மாதிரி இதுதான். அந்தப் பாடத்தில் மருதுகளைப் பற்றி ஒரு வரி இருக்காது.

கடைசியாக, ஒரு நாள் பயணம். காரைக்குடியில் காலை ஆறரைக்குக் கிளம்பினால் சுமார் 120 கிலோமீட்டர் வட்டத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

முதலில் குன்றக்குடி, பத்து கிலோமீட்டர்தான். மலைக்கோவில் திருப்பணியில் பெரிய மருதுவின் பங்கு பெரியது. அங்கே சகோதரர்களின் சிலைகளையும் கீழே மருதாபுரிக் குளத்தையும் பாருங்கள். மலைக்கோவில் பகலில் நடை சாத்திவிடும், அதனால் இதைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர். மேப்பில் போடும்போது கவனம்: 'திருப்பத்தூர்' என்று மட்டும் தட்டினால் வேலூர்ப் பக்கத்து மாவட்டத் தலைநகருக்குக் கூட்டிக்கொண்டு போகும். சிவகங்கை மாவட்டம் என்று சேர்த்துத் தட்டவும். நினைவு மண்டபத்தைத் தவிர, சுவீடிஷ் மிஷன் மருத்துவமனை வளாகத்திலும் நினைவிடம் உண்டு. மருத்துவமனை என்பதால் வாசலில் சொல்லிவிட்டு, கூட்டமாகப் போகாமல், சத்தமில்லாமல் பார்த்து வரவேண்டும்.

அங்கிருந்து சிவகங்கைச் சாலை. மதகுபட்டி, ஒக்கூர், சோழபுரம் மூன்றும் அந்தப் பக்கம்தான். பெரிய மருது பிடிபட்டதும், அக்னியூ பின்வாங்கி முகாம் போட்டதும், பட்டம் கட்டியதும், சின்ன மருது பிடிபட்டதும் இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் என்பதை வண்டியில் போகும்போதுதான் உணரமுடியும். சோழபுரம் என்ற பெயரில் கும்பகோணம் பக்கத்திலும் ஊர் உண்டு. மேப் அங்கேயும் ஏமாற்றும். அப்போதிருந்த காட்டைத் தேடாதீர்கள். இருப்பது சீமைக் கருவேலம். அது மருதுகள் ஒளிந்த காடு அல்ல, இருபதாம் நூற்றாண்டில் பரவியது.

சிவகங்கையில் அரண்மனையைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கிழக்கே 18 கிலோமீட்டரில் காளையார்கோவில். கோவிலும் நாலு மணிக்கு மேல்தான் திறக்கும், சரியாக இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோபுரம் தெரியும். உயரமானது பெரிய மருது கட்டியது. மருதுகளின் சமாதி கோவிலுக்கு வெளியே இருக்கிறது, பலர் உள்ளே தேடிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பிறகு கல்லல் வழியாகச் சிறுவயலைத் தொட்டு இருட்டுவதற்குள் காரைக்குடி. சிறுவயலில் மாளிகை எதுவும் நிற்கவில்லை, ஊரைத்தான் பார்க்கமுடியும்.

அக்டோபர் 24 திருப்பத்தூரில் அரசு விழா, 27 காளையார்கோவிலில் குருபூஜை. அந்த நாட்களை ஒட்டிச் சாலைகளை மாற்றி விடுவார்கள், வாகன அனுமதியும் கேட்பார்கள். விழாவைப் பார்க்கவேண்டும் என்றால் போங்கள். இடங்களைப் பார்க்கத்தான் என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டு நவம்பர் நடுவில் மழை விட்ட ஒரு நாளில் கிளம்புங்கள்.